கத்திரி வெயில்ல மண்ணுக்குள்ள என்ன நடக்குது? வாசகர் கேள்வி பதில்

இந்த மாசம் வந்த கேள்விகள்ல பாதிக்கு மேல சூட்டைப் பத்திதான். மண்ணு கொதிக்குதே உள்ள இருக்குற நுண்ணுயிர் என்ன ஆகும், வாங்கி வச்ச நுண்ணுயிர் உரப் பாக்கெட் கெட்டுப்போச்சா, உழலாமா கூடாதான்னு மாத்தி மாத்தி ஒரே கவலை. அதனால மத்த கேள்வியெல்லாம் அடுத்த இதழுக்குத் தள்ளிட்டு இந்த தடவை முழுப் பக்கமும் இதுக்கே ஒதுக்கியாச்சு. கேள்விகளை மட்டும் கொஞ்சம் சுருக்கிப் போட்டிருக்கேன்.

கேள்வி: மூணு ஏக்கர்ல முருங்கை வச்சிருக்கேன். மே மாசம் மத்தியானம் தோட்டத்துல வெறுங்கால்ல நடக்க முடியல. "இந்த சூட்டுல மண்ணுல இருக்குற நுண்ணுயிர் பூராவும் செத்திருக்கும், ஜூன்ல புதுசா வாங்கி ஊத்தினாத்தான் உண்டு"ன்னு கடையில சொல்றாங்க. நிஜமா?
(வாசகர், அரவக்குறிச்சி)

பதில்: பூராவும் சாகாதுங்க ஐயா. வருசா வருசம் மே மாசம் எல்லாம் செத்துப்போகும்னா நம்ம ஊர்ல விவசாயமே நடந்திருக்காது, பாட்டில்ல நுண்ணுயிர் விக்க ஆரம்பிக்கிறதுக்கு முந்தியும் இங்க இதே வெயில்தான அடிச்சுச்சு.

முதல்ல சூடு எவ்வளவு ஆழத்துக்கு இறங்குதுன்னு பாத்துருவோம். காத்து 40 டிகிரி இருக்குற நாள்ல, நிழலே இல்லாத வெறும் செம்மண்ணோட மேல்பரப்பு மத்தியானம் 55 டிகிரியைத் தாண்டும், நல்லா காஞ்சு கிடந்தா 60ஐக் கூட தொடும். காலு சுடுறது அதனாலதான். ஆனா மண்ணு சூட்டை உள்ள விடறது ரொம்ப மெதுவா, நாலு விரல் அகலம் இறங்கினாலே அந்த ஏத்த இறக்கம் பாதியாயிடும், ஒரு ஜாண் ஆழத்துல 35லருந்து 40க்குள்ள நின்னுடும், அங்க பகலுக்கும் ராத்திரிக்கும் வித்தியாசமே சில டிகிரிதான். இன்னொண்ணு, மேல மத்தியானம் ஒண்ணரை மணிக்கு அடிக்கிற உச்ச சூடு அந்த ஒரு ஜாண் ஆழத்துக்குப் போய்ச் சேர ராத்திரி ஒன்பது பத்து மணி ஆயிடும். நம்பலைன்னா ஒரு டிஜிட்டல் தெர்மாமீட்டர், கம்பி மாதிரி நீளமா இருக்குமே, சமையலுக்கு விக்கிறது, அது ஒண்ணு வாங்கி வரிசைக்கு நடுவுல வெறும் தரையில குத்திப் பாருங்க, அப்புறம் மரத்தடியில இலை விழுந்து மூடிக்கிடக்குற இடத்துலயும் குத்திப் பாருங்க. ரெண்டுக்கும் இருக்குற வித்தியாசத்தை நீங்களே பாத்துட்டா அப்புறம் நான் மேற்கொண்டு சொல்ல ஒண்ணும் இருக்காது.

இப்ப நுண்ணுயிருக்கு வருவோம். நல்ல மண்ணு ஒரு கிராம் எடுத்தா அதுல நூறு கோடி வரைக்கும் பாக்டீரியா இருக்கும். இதுல பெரும்பாலானதுக்குப் பிடிச்ச சூடு 25லருந்து 35 டிகிரி. குளிர்ல இருந்து அந்த அளவுக்கு ஏற ஏற, ஒவ்வொரு 10 டிகிரிக்கும் அதுங்களோட வேலை ஏறக்குறைய ரெண்டு மடங்காகும், அதாவது மக்க வைக்கிறது, மூச்சு விடறது எல்லாமே. 40ஐத் தாண்டினா நிறைய ஜாதிக்கு உள்ள இருக்குற நொதிகள் உருக்குலைய ஆரம்பிக்குது, அங்கதான் சாவு. ஆனா எல்லாமே சும்மா நின்னு சாகுறதில்ல. பேசில்லஸ் கூட்டம் தடிப்பான ஓடு போட்ட வித்தா மாறிக்கும், அந்த வித்து கொதிக்கிற தண்ணியிலயே கொஞ்ச நேரம் தாக்குப் பிடிக்கும், 60 டிகிரி அதுக்கு ஒரு பொருட்டே இல்ல. ஸ்ட்ரெப்டோமைசிஸ்னு ஒரு கூட்டம் இருக்கு, முதல் மழைக்கு வருமே மண்வாசனை, அதுக்குக் காரணமான ஜியோஸ்மின்ங்கிற பொருளை உண்டாக்குறது அதுதான், அதுவும் வறட்சி வந்தா வித்து விட்டுட்டு காத்திருக்கும். மத்ததுல பலதும் மண் கட்டிக்குள்ள இருக்குற நுண்ணிய ஓட்டையில ஒரு மெல்லிசு ஈரத்தை ஒட்டிக்கிட்டு தூங்கும். நிஜமா அடிபடுறது யாருன்னா மேல ரெண்டு மூணு விரல் மண்ணுல இருக்குற ரைசோபியம் (பயறு வகை வேர் முடிச்சுல வாழுற பாக்டீரியா) மாதிரி வித்து விடத் தெரியாததுங்க, அப்புறம் நைட்ரேட் தயாரிக்கிற பாக்டீரியா, வேரோட சேர்ந்து வாழுற பூஞ்சையோட மெல்லிய இழைகள்.

ஆனா எனக்குப் பெரிய கவலை இந்த சாவு இல்லீங்க, பசி. சூடு ஏற ஏற நுண்ணுயிர் வேகமா வேலை செய்யும்னு சொன்னேன்ல, வேகமா வேலை செஞ்சா வேகமா சாப்பிடும். நீங்க மே மாசம் சொட்டுநீர் விடுறீங்க, அந்த ஈர வட்டத்துல சூடும் இருக்கு தண்ணியும் இருக்கு, அங்க இருக்குற மக்கை அதுங்க ராப்பகலா தின்னு கரியமில வாயுவா ஊதிட்டே இருக்கும். குளிர் நாட்டுல ஆறு மாசம் இந்த வேலை நின்னு கிடக்கும், நமக்கு லீவே கிடையாது. மண் பரிசோதனை அட்டையில அங்கக கரிமம், அதாவது மக்குல இருக்குற கரியோட அளவு, 0.5 சதவீதத்துக்குக் கீழ இருந்தா 'குறைவு'ன்னு போடுவாங்க, நம்ம சமவெளி மண்ணுல எத்தனை அட்டையில அந்த 'குறைவு' இருக்குன்னு பக்கத்துத் தோட்டத்துக்காரங்ககிட்ட கேட்டுப் பாருங்க. சாப்பாடே இல்லாத மண்ணுல ஜூன்ல பாட்டில் பாட்டிலா ஊத்தினாலும் வந்ததும் பட்டினிதான்.

அதனால காசை அதுல போடுறதுக்கு முந்தி முருங்கைக் கவாத்து பண்ற குச்சி, இலை எதையும் வரப்புல போட்டுக் கொளுத்தாம வரிசைக்கு நடுவுல மூடாக்கா பரப்புங்க. குச்சி கனமா இருந்தா சின்னதா வெட்டிப் போடுங்க. மழை கிடைக்கிறப்ப நடுவுல தட்டைப்பயறோ கொள்ளோ விதைச்சு விட்டுடுங்க, கொடி படர்ந்து தரையை மூடிடும். மண்ணு மேல வெயில் நேரா படாம இருந்தாலே மேல்பரப்பு சூடு 10 டிகிரிக்கு மேல இறங்கும்.

கேள்வி: அசோஸ்பைரில்லம் (தழைச்சத்தை, அதாவது நைட்ரஜனைப் பிடிச்சுக் கொடுக்குற பாக்டீரியா), பாஸ்போபாக்டீரியா (மணிச்சத்தைக் கரைச்சுக் கொடுக்குறது) பாக்கெட் வாங்கி தகர ஷெட்ல வச்சிருந்தேன், ஒன்றரை மாசம் ஆச்சு. இன்னும் தேதி முடியல. போடலாமா?
(வாசகர், திண்டிவனம்)

பதில்: தேதியை மட்டும் பாக்காதீங்க. அந்தத் தேதி நிழல்ல, சூடு கம்மியான இடத்துல வச்சிருந்தா மட்டும்தான் செல்லும். விக்கிறப்ப தூள் பாக்கெட்டா இருந்தா ஒரு கிராமுக்கு குறைஞ்சது 5 கோடி உயிருள்ள செல் இருக்கணும், திரவமா இருந்தா ஒரு மில்லிக்கு 10 கோடி, இது மத்திய அரசோட உரக் கட்டுப்பாட்டு ஆணையில இருக்குற கணக்கு. ஏப்ரல் மே மாசம் தகரக் கூரைக்குக் கீழ மத்தியானம் 45 டிகிரி சாதாரணமா வந்துடும். அசோஸ்பைரில்லம் வித்து விடாத ஜாதி, அந்த சூட்டுல நாளுக்கு நாள் எண்ணிக்கை சரிஞ்சுட்டே போகும். கலர், வாசனையை வச்சு ஒண்ணும் கண்டுபிடிக்க முடியாது. கையில இருக்குறதை வீணாக்க வேண்டாம், தொழு உரத்தோட கலந்து போட்டு விடுங்க, ஆனா அதை நம்பி தழைச்சத்தைக் குறைச்சிடாதீங்க.

அடுத்த தடவை வாங்குறப்ப கடைக்காரர் அதை எங்க வச்சிருந்தார்னு பாருங்க. கண்ணாடி ஷோகேஸ்ல வெயில் படுற மாதிரி இருந்தா வாங்காதீங்க, பூச்சி மருந்து டப்பாவோட ஒரே அலமாரியில இருந்தாலும் வேண்டாம். பைக் டேங்க் கவர்ல வச்சு ஊருக்கு எடுத்துட்டுப் போற பழக்கத்தையும் விட்டுடுங்க, ஈரத்துணி சுத்தி பைக்குள்ள வைங்க. வீட்டுல மண்பானை வைக்கிற மூலை மாதிரி குளுமையான இடம் போதும், ஃபிரீசர்ல வைக்கக்கூடாது. வயல்ல போடுறது சாயங்காலம் நாலு மணிக்கு மேல, மண்ணுல ஈரம் இருக்கறப்ப, மக்குன தொழு உரம் 25 கிலோவோட கலந்து, அன்னைக்கே மண்ணுக்குள்ள போயிடணும். காலையில பத்து மணிக்கு காஞ்ச தரையில தூவிட்டு மறுநாள் தண்ணி கட்டுறவங்க நிறைய பேர் இருக்காங்க, அவங்க தூவுனதுல பாதி அன்னைக்கு மத்தியானமே போயிடுது.

கேள்வி: கோடையில போட்ட உளுந்துல வேர் முடிச்சு ரொம்ப கம்மி. இருக்குறதும் குண்டூசித் தலை அளவுதான். ரைசோபியம் விதை நேர்த்தி பண்ணித்தான் விதைச்சேன். கார்த்திகைப் பட்டத்துல இப்படி இல்ல.
(வாசகி, ஆலங்குடி)

பதில்: அம்மா, நீங்க செடியைப் பிடுங்கிப் பாத்ததே பெரிய விஷயம், முக்காவாசி பேர் பாக்குறதில்ல. அடுத்த தடவை பிடுங்கும்போது இழுக்காதீங்க, மண்வெட்டியால வேரோட மண்ணையும் சேத்துப் பெயர்த்து தண்ணியில அலசுங்க, இல்லன்னா நல்ல முடிச்செல்லாம் மண்ணுலயே நின்னுடும். அப்புறம் ஒரு முடிச்சை நகத்தால ரெண்டா கிள்ளிப் பாருங்க. உள்ள ரத்தம் மாதிரி இளஞ்சிவப்பா இருந்தா காத்துல இருக்குற நைட்ரஜனைப் பிடிக்குற வேலை நடக்குதுன்னு அர்த்தம், அந்த சிவப்பு லெக்ஹீமோகுளோபின், நம்ம ரத்தத்துல இருக்குறதோட சொந்தக்காரப் பொருள்தான், முடிச்சுக்குள்ள ஆக்சிஜனை அளந்து கொடுக்குறது அது. வெள்ளையா இருந்தா இன்னும் வேலை ஆரம்பிக்கல, இல்ல அந்த ரைசோபியம் உருப்படாத ஜாதி. பச்சையா, பழுப்பா இருந்தா முடிஞ்சு போச்சு.

ரைசோபியத்துக்குத் தோதான சூடு 28, 30 டிகிரி பக்கம். வேர் இருக்குற மண்ணு 35ஐத் தாண்டினா புது முடிச்சு உண்டாகுறதே குறையும், உண்டான முடிச்சும் சீக்கிரம் கிழடாகி பச்சையாயிடும். உளுந்து வேர்ல முடிச்செல்லாம் மேல நாலஞ்சு விரல் மண்ணுலதான் அதிகம், சரியா சூடு ஏறுற இடம் அதுதான். இதுல விதை நேர்த்தி பண்ணி வெயில்ல காய வச்சீங்கன்னா அங்கயே பாதி போயிருக்கும். அரிசிக்கஞ்சியில கலந்து நிழல்ல அரை மணி நேரம் உலர்த்தி உடனே விதைக்கணும். விதைச்சதும் தண்ணி கட்டி, செடி முளைச்சு வந்ததும் வரிசைக்கு நடுவுல வைக்கோலோ சருகோ மெல்லிசா பரப்புங்க. கோடைக்கு உளுந்தே வேணும்னு இல்லைன்னா தட்டைப்பயறு போட்டுப் பாருங்க, அதோட ஒட்டுற ரைசோபியம் சூட்டை இன்னும் நல்லா தாங்கும், ஆப்பிரிக்காவுல கொதிக்கிற மணல் பூமியில வளர்ந்து பழகின பயிரு அது.

கேள்வி: எங்க பக்கம் மானாவாரி கரிசல். சித்திரை மாசப் புழுதி பத்தரை மாத்துத் தங்கம்னு தாத்தா சொல்வாரு, கோடை உழவு விடாம அடிப்போம். இப்ப இயற்கை விவசாயப் பயிற்சியில, உழுதா வெயில் பட்டு மண்ணுயிர் செத்துரும், உழவே கூடாதுன்னு சொல்றாங்க. யாரு சொல்றது சரி?
(வாசகர், சாத்தூர்)

பதில்: தம்பி, உங்க தாத்தா பாத்தது உண்மை. பயிற்சியில சொன்னதுலயும் ஒரு பங்கு உண்மை இருக்கு. ரெண்டையும் எடுத்து வச்சுப் பேசலாம், ஏன்னா இதுல உள்ள சங்கதி ரொம்ப அழகானது.

கென்யாவுல முகுகாங்கிற ஊர்ல இருந்த ஆராய்ச்சி நிலையத்துல பிர்ச்னு ஒரு விஞ்ஞானி, 1950கள்ல மண்ணை நல்லா காய வச்சு அப்புறம் நனைச்சுப் பாத்தார். நனைச்ச உடனே மண்ணுலருந்து கரியமில வாயு குபுகுபுன்னு கிளம்புது, கூடவே தழைச்சத்தும் பயிர் எடுத்துக்குற வடிவத்துல விடுபடுது, ஈரமாவே வச்சிருந்த மண்ணை விட அதிகமா. எவ்வளவு நேரம் காய வச்சாரோ, எவ்வளவு சூட்டுல காய வச்சாரோ அதுக்குத் தக்க இந்த வேகம் கூடுச்சு. இதுக்கு பிர்ச் விளைவுன்னே பேரு, 1958ல அவர் எழுதுன கட்டுரையை இன்னைக்கும் மண் ஆராய்ச்சிக்காரங்க எடுத்துச் சொல்றாங்க. காரணம் என்னன்னா, காஞ்சு சூடாகுறப்ப செத்த நுண்ணுயிரோட உடம்பு, தாக்குப் பிடிச்சதுங்க வறட்சிக்காக உடம்புக்குள்ள சேத்து வச்சிருந்த பொருள், மண் கட்டி வெடிச்சு வெளிய வந்த பழைய மக்கு, இது எல்லாமே முதல் மழையில ஒரே நேரத்துல மிச்சம் இருக்குறதுங்களுக்கு விருந்தா போயிடுது. சித்திரைப் புழுதியில கிடைச்ச தங்கம் இதுதான். கூடவே கூண்டுப்புழு, கோரைக்கிழங்கு, நூற்புழு எல்லாம் வெயில்ல காயுறது தனி லாபம்.

ஆனா தம்பி, அது மண்ணோட சேமிப்புல இருந்து எடுக்குற காசு. தாத்தா காலத்துல ஆட்டுக்கிடை போட்டாங்க, மாட்டுச்சாணி வண்டி வண்டியா அடிச்சாங்க, எடுத்ததை விட அதிகமா திருப்பிப் போட்டாங்க. இப்ப எருவே போடாம வருசத்துக்கு மூணு தடவை ரோட்டாவேட்டர் விட்டு மாவா அரைச்சா, ஒவ்வொரு கோடை மழைக்கும் இந்த விருந்து நடந்து கொஞ்ச வருசத்துல சரக்கு காலியாயிடும். இன்னொரு சங்கடமும் இருக்கு, சித்திரை வைகாசி மழையில விடுபடுற தழைச்சத்தை எடுத்துக்க நிலத்துல பயிரே இருக்காது, உங்க விதைப்பு புரட்டாசியில, அதுக்குள்ள அது நைட்ரேட்டா மாறி அடுத்த மழையில கீழ இறங்கிடும், இல்ல ஈரம் தேங்குற இடத்துல வாயுவா போயிடும்.

நான் சொல்றது இதுதான். கரிசல்ல கோடை உழவு ஒண்ணு அடிங்க, சரிவுக்குக் குறுக்க, சட்டிக் கலப்பையோ கொத்துக் கலப்பையோ விட்டு கட்டி கட்டியா பெயர்த்துப் போடுங்க, தண்ணி இறங்கும். புழுதியா அரைக்காதீங்க. கோடை மழை விழுந்த ஈரத்துல சணப்போ கொழிஞ்சியோ கொள்ளோ பலதானியமோ தூவி விட்டுடுங்க, விடுபட்ட தழைச்சத்தை அது பிடிச்சு வச்சுக்கும், ஆவணியில மடக்கி உழுதா புரட்டாசிப் பயிருக்கு திரும்பி வந்துடும். மழை ஏமாத்தி விதை வீணாப் போகுற வருசமும் வரும், அதுக்கு பயந்து விட்டுடாதீங்க, கொள்ளு விதைக்குச் செலவு கம்மிதான்.

கேள்வி: மிளகாய், தக்காளி நாத்து ஒவ்வொரு தடவையும் கழுத்து அழுகி சாயுது. மேட்டுப்பாத்தியை பாலித்தீன் ஷீட் போட்டு வெயில்ல வேக வைக்கலாம்னு கேள்விப்பட்டேன். கருப்பு ஷீட் போடலாமா? நல்ல நுண்ணுயிரும் செத்துடாதா?
(வாசகர், ஒட்டன்சத்திரம்)

பதில்: கருப்பு வேண்டாம், கண்ணாடி மாதிரி தெளிவான ஷீட்தான் வேணும். கருப்பு ஷீட்ல ஷீட்டே சூட்டை வாங்கிக்கும், மண்ணுக்குக் கம்மியா போகும். இந்த முறையை 1976ல இஸ்ரேல்ல கட்டான்ங்கிற பயிர் நோய் விஞ்ஞானியும் அவரோட குழுவும் வெளியிட்டாங்க, அங்க ஜோர்டான் பள்ளத்தாக்குல வெயிலுக்கும் பஞ்சமில்ல, வாடல் நோய்க்கும் பஞ்சமில்ல.

பாத்தியை நல்லா கொத்தி கட்டி உடைச்சு சமமாக்கி, முக்கியமா தண்ணி விட்டு முழுசா நனைச்சுட்டு, 25லருந்து 50 மைக்ரான் ஷீட்டை மண்ணோட ஒட்டிக் கிடக்குற மாதிரி இழுத்துப் போட்டு நாலு ஓரத்தையும் மண்ணு போட்டு மூடணும். காத்துப் புகுந்தா சூடு ஏறாது. ஏப்ரல் மே மாசத்துல நாலுலருந்து ஆறு வாரம். மேல ரெண்டு விரல் ஆழத்துல 50 டிகிரி வரைக்கும் போகும், ஒரு ஜாண் ஆழத்துல அவ்வளவு போகாது ஆனா வாரக் கணக்குல 40 பக்கமா நிக்கும், அதுவும் நோய்ப் பூஞ்சையை பலவீனமாக்கும். நனைக்கிறது ஏன் முக்கியம்னா, காஞ்ச நிலையில பூஞ்சை வித்தும் களை விதையும் எவ்வளவு சூட்டையும் தாங்கும், ஈரத்துல முளைக்கத் தயாராகி உடம்பு இளகி இருக்கறப்ப 45 டிகிரியே அதுக்கு எமன். மேல கேட்ட சாத்தூர் தம்பிக்கும் இதுல பதில் இருக்கு, காஞ்ச புழுதியில படுற வெயிலை விட ஈர மண்ணுல அடைபட்ட சூடுதான் அதிகம் கொல்லும்.

நல்லதும் சாகும், மறைக்க வேண்டியதில்ல. ஆனா பேசில்லஸ், ஸ்ட்ரெப்டோமைசிஸ், டிரைக்கோடெர்மா மாதிரி நமக்கு வேண்டியவங்க பல பேர் சூட்டைத் தாங்குற கூட்டம், பித்தியம், பியூசேரியம் மாதிரி நோய்க் கூட்டத்துக்கு அந்தத் தெம்பு கம்மி. ஷீட்டை எடுத்ததும் காலி இடத்தை யார் முதல்ல பிடிக்கிறாங்கங்கிறதுதான் விஷயம், அதனால எடுத்த அன்னைக்கு சாயங்காலமே மக்குன தொழு உரத்துல டிரைக்கோடெர்மா விரிடிங்கிற நல்ல பூஞ்சையும் சூடோமோனாஸ்ங்கிற நல்ல பாக்டீரியாவும் கலந்து மேலாகப் போட்டுடுங்க. அப்புறம் ஆழமா கொத்தாதீங்க, கொத்தினா அடியில தப்பிச்சுக் கிடக்குற பூஞ்சையும் களை விதையும் மேல வந்துடும். வயல் முழுக்க இதைப் பண்ண வேண்டாம், நாத்தங்காலுக்கு மட்டும் போதும்.

கேள்வி: குறுவைக்கு முந்தின நெல் தாளை மடக்கி உழுது மூணாம் நாளே நடவு பண்ணினோம். பயிர் பதினஞ்சு நாளா பச்சை கட்டல, வயல்ல நடந்தா கொப்புளம் கொப்புளமா வருது, நாத்தம் அடிக்குது.
(வாசகர், மன்னார்குடி)

பதில்: ஒரு குத்தைப் பிடுங்கி வேரைக் கழுவிப் பாருங்க. நல்ல வேர் வெள்ளையா, இல்ல துரு ஏறின மாதிரி செங்கல் நிறத்துல இருக்கும். கருப்பா இருந்து அழுகின முட்டை வாசனை வந்தா ஹைட்ரஜன் சல்பைடு வேரைத் தாக்குதுன்னு அர்த்தம். ஆனி ஆடி வெயில்ல தேங்குன தண்ணி மத்தியானம் நல்லா சூடாகும், அந்த சூட்டுல அடியில காத்தில்லாம வாழுற பாக்டீரியா பச்சைத் தாளை வேகமா அழுக வைக்கும், கொப்புளத்துல வர்றது பெரும்பாலும் மீத்தேன், அதை உண்டாக்குற உயிர்களுக்கு 30லருந்து 40 டிகிரி ரொம்பப் பிடிச்ச சூடு. வைக்கோல்ல கரிமம் தழைச்சத்தை விட 60லருந்து 80 மடங்கு இருக்கும், அதைத் தின்ன வர்ற நுண்ணுயிர் உங்க யூரியாவையும் சேத்து எடுத்துக்குது, பயிர் மஞ்சளா நிக்குது.

இப்ப உடனே தண்ணியை வடிச்சு மண்ணு மயிரிழை வெடிப்பு காட்டுற வரைக்கும் விடுங்க, காத்து உள்ள போகட்டும். அப்புறம் காய்ச்சலும் பாய்ச்சலுமா தண்ணி கட்டுங்க, துளை போட்ட பிவிசி குழாயைப் புதைச்சு அதுல தண்ணி தரை மட்டத்துக்கு 15 சென்டிமீட்டர் கீழ போனதும் அடுத்த தண்ணி. மீத்தேன் பாதி வரைக்கும் இதுலயே குறையும். பூ வர்ற நேரத்துல மட்டும் காய விடாதீங்க. அடுத்த வருசம் தாளை நடவுக்கு ரெண்டு மூணு வாரம் முந்தியே மடக்கி உழுதுடுங்க, ஆத்துத் தண்ணி எப்ப வரும்னு தெரியாம தவிக்கிற உங்க நிலைமை புரியுது, பம்ப்செட் இருக்குறவங்களாவது ஒரு நனைப்பு கொடுத்து முந்திக்கங்க.

கேள்வி: மக்காச்சோளத்துக்கு மேலுரமா யூரியா போட்டு நாலு நாள் கழிச்சுத்தான் தண்ணி கட்ட முடியுது. வெயில்ல ஆவியாயிடுமா? இப்பதான் வேப்பெண்ணெய் பூசித்தான வருது?
(வாசகர், தாராபுரம்)

பதில்: ஆகும். மண்ணுல இருக்குற யூரியேஸ் நொதி, கோடை சூட்டுல லேசான ஈரம் இருந்தாலே ரெண்டு மூணு நாள்ல யூரியாவை அமோனியாவா உடைச்சிடும், உங்க பக்கம் சுண்ணாம்பு மண்ணு வேற, மேலாக் கிடந்தா காத்துல போயிடும். 2015லருந்து எல்லா யூரியாவும் வேப்பெண்ணெய் பூசித்தான் வருது, ஆனா வேம்பு முக்கியமா தடுக்குறது அடுத்த கட்டத்தை, அமோனியம் நைட்ரேட்டா மாறுறதை. தண்ணி கட்டுற அன்னைக்கே போடுங்க, இல்லன்னா செடிக்கு ஒரு சாண் தள்ளி கோடு இழுத்துப் போட்டு மண்ணை மூடுங்க.

கேள்வி: சமவெளியில இருந்து லாரியில தொழு உரம் வாங்கி டிசம்பர்ல கேரட்டுக்கு அடிச்சோம். மார்ச் வரைக்கும் அப்படியே கிடக்கு. உரம் சரியில்லையா, எங்க மண்ணு சரியில்லையா?
(வாசகர், ஊட்டி)

பதில்: ரெண்டுமே சரிதான், குளிர்தான் காரணம். டிசம்பர் ஜனவரியில உறைபனி விழுற ராத்திரியெல்லாம் உங்க மேல்மண்ணு சுருங்கிக் கிடக்கும், 10 டிகிரிக்குக் கீழ போனா அமோனியத்தை நைட்ரேட்டா மாத்துற பாக்டீரியா ரொம்ப மந்தமாயிடும், 5 டிகிரி பக்கம் ஏறக்குறைய நின்னே போயிடும். உங்க மண்ணு புளிப்பு மண்ணு வேற, அதுவும் அதுங்களுக்கு ஆகாது. அதனால மண்ணுல சத்து இருந்தும் பயிர் வெளிறி நிக்கும்.

ஆனா இதே குளிர்தான் உங்களுக்குக் கிடைச்ச வரம். உங்க மலைமண்ணு ஒரு ஃபிரிட்ஜ் மாதிரி, ஆயிரக்கணக்கான வருசமா விழுந்த புல்லும் இலையும் மக்கியும் மக்காமலும் கருப்பா சேந்து கிடக்கு. கீழ கோயம்புத்தூர்ல அரை சதவீதம் கரிமத்துக்குத் தவிக்கிறாங்க, உங்ககிட்ட அதைப்போல பல மடங்கு இருக்கு. அதை சரிவுல ஆழமா கொத்திக் கொத்தி வெயில்ல திறந்து போட்டா வேகமா எரிஞ்சும் போகும், மழையில அடிச்சும் போகும், ஒரு தடவை போனா நம்ம ஆயுசுல திரும்பி வராது. சூடு கூடிட்டே வர்ற காலத்துல இது எனக்கு ரொம்ப பயமா இருக்கு. செய்ய வேண்டியது சின்ன விஷயம்தான், எருவை டிசம்பர்ல அடிக்காம செப்டம்பர் அக்டோபர்லயே நல்லா மக்குனதா வாங்கி அடிங்க, மண் பரிசோதனை பாத்து சுண்ணாம்பு போடுங்க, பயிர் இல்லாத மாசம் தரையை வெறுமனே விடாதீங்க.

கேள்வி: எங்க மகளிர் குழு மண்புழு உரத் தொட்டியில புதுச் சாணியும் தென்னை நார்க் கழிவும் போட்டோம். ரெண்டாம் நாள் புழுவெல்லாம் சுவர்ல ஏறி வெளிய வந்துடுச்சு, பாதி செத்துப்போச்சு. புழு விக்கிறவங்க ஏமாத்திட்டாங்களா?
(வாசகி, பொள்ளாச்சி)

பதில்: புழு மேல தப்பில்லக்கா, புதுச் சாணி கொதிச்சிருக்கு. சாணியை அம்பாரமா குவிச்சா ரெண்டு மூணு நாள்ல நடுவுல 55லருந்து 65 டிகிரி வரைக்கும் ஏறும், அது வெயில் சூடு இல்ல, உள்ள இருக்குற பாக்டீரியா தின்னு தின்னு விடுற சூடு. கம்போஸ்ட் குவியலுக்கு அது நல்லது, 55 டிகிரியில ரெண்டு வாரம் நின்னு அஞ்சு தடவை புரட்டி விட்டா களை விதை, நோய்க் கிருமியெல்லாம் போயிடும், 70ஐத் தாண்ட விடக்கூடாது, தாண்டினா மக்க வைக்கிற கூட்டமே செத்துடும். ஆனா மண்புழுவுக்கு 35 டிகிரியே தாங்காது.

சாணியை நிழல்ல பரப்பி தண்ணி தெளிச்சு ரெண்டு மூணு வாரம் ஆற விடுங்க, அன்றாடம் ஒரு தடவை கிளறுங்க. ஆறிடுச்சான்னு பாக்க ஒரு இரும்புக் கம்பியை நடுவுல சொருகி பத்து நிமிசம் கழிச்சு உருவி உள்ளங்கையில பிடிச்சுப் பாருங்க, கம்பி குளுமையா இருக்கணும், வெதுவெதுன்னு இருந்தாக் கூட இன்னும் நாள் இருக்குன்னு அர்த்தம். நார்க் கழிவை நேரா போடாதீங்க, அதுல மரத்தைக் கெட்டியாக்குற லிக்னின்ங்கிற பொருள் அதிகம், புழு தொடாது. ஒரு டன்னுக்கு அஞ்சு கிலோ யூரியாவும் அஞ்சு புட்டி சிப்பிக்காளான் வித்தும் அடுக்கடுக்கா போட்டு ஈரமா வச்சீங்கன்னா ஒரு மாசத்துக்கு மேல கருத்து மக்கிடும், அப்புறம் கொஞ்சம் கொஞ்சமா சாணியோட கலந்து கொடுங்க. தொட்டிக்கு மேல தகரம் வேண்டாம், தென்னங்கீத்து போடுங்க. புழு விடுறப்ப எல்லாத்தையும் மொத்தமா கொட்டாம, ஒரு மூலையில பத்து புழு விட்டுட்டு மறுநாள் காலையில போய்ப் பாருங்க, உள்ள இறங்கி இருந்தா மிச்சத்தை விடுங்க.